பெல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: கெட்டுப்போனது மூன்று அங்குலம்தான்!

[திரையில்: பக்கிள் ஓரம் வெடித்துப்போன பழுப்பு பெல்ட்]

இந்த பெல்ட்டைக் குப்பையில் போடப் போகிறீர்களா? ஒரு நிமிடம். முழு நீளத்தையும் கையால் தடவிப் பாருங்கள். பக்கிளைச் சுற்றி மடியும் இடம் வெடித்திருக்கிறது, நுனியைச் செருகும் லூப் அறுந்திருக்கிறது. மிச்சத் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 40 அங்குல பெல்ட்டில் போனது 3 அங்குலம். அந்த மூன்று அங்குலத்தை மட்டும் புதுத் தோலில் நாமே வெட்டி, கையால் தைத்து மாற்றப் போகிறோம்.

எல்லா பெல்ட்டுக்கும் இது ஆகாது. வெடித்த இடத்தை விரித்துப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் நல்ல தோல். மேலே பிளாஸ்டிக் ஏடு உரிந்து, உள்ளே இருப்பது புட்டு மாதிரி உதிர்ந்தால், அது தோல் தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய பட்டை. அதில் தையல் நிற்கவே நிற்காது. பக்கிளை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தோல் எங்கே கிடைக்கும்? சென்னைக்காரர்களுக்குப் பெரியமேடு. மற்ற ஊர்களில் பை, செருப்பு தைப்பவர்களிடம் துண்டுத் தோல் கேளுங்கள். 2 மில்லிமீட்டர் கனம், ‘வெஜிடபிள் டான்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதமான தோல் அது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த தோல் கப்பலேறி லண்டன் வரை போயிருக்கிறது. ‘ஈ.ஐ. தோல்’ (ஈஸ்ட் இந்தியா தோல்) என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. வயிற்றுப் பக்கத் தோல் மட்டும் வேண்டாம், இழுபடும். முதுகுப் பக்கம்தான் பெல்ட்டுக்கு.

[திரையில்: ஸ்கேல், பென்சில், பெல்ட்]

வெட்டுவதற்கு முன் ஒரு அளவு: பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் தினமும் மாட்டும் ஓட்டை வரை எவ்வளவு என்று குறித்து வையுங்கள். வேலை முடியும்போது அதே அளவு வர வேண்டும். கெட்டுப்போன 3 அங்குலத்தை வெட்டி எடுங்கள். புதுத் தோலில் பெல்ட்டின் அகலத்துக்கு 8 அங்குலப் பட்டை வெட்டுங்கள். நடுவில் மடித்தால் நான்கு நான்கு அங்குலம். அதில் மூன்று அங்குலம் போன இடத்தை நிரப்பும், கடைசி ஒரு அங்குலம் பழைய பெல்ட்டை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும். கவ்வும் இடத்தில் பழையது, புதியது இரண்டையும் கூர்மையான கத்தியால் பாதிக் கனத்துக்குச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் புடைத்து நிற்கும்.

பக்கிள் முள் நுழைய மடிப்பின் நடுவே நீள ஓட்டை வேண்டும். இரண்டு முனையிலும் ‘பஞ்ச்’ என்ற ஓட்டை போடும் கருவியால் வட்ட ஓட்டை போட்டு, இடையில் இருப்பதை வெட்டி எடுங்கள். வெறும் கத்தியால் கீறினால் மூலையிலிருந்து கிழிசல் ஓடும். வட்டமான முனையில் இழுவிசை ஒரே புள்ளியில் குவியாமல் பரவுகிறது. விமான ஜன்னல்களின் மூலைகள் வளைவாக இருப்பதற்கும் இதே காரணம்தான்!

பக்கிளையும் லூப்பையும் இப்போதே மாட்டிவிடுங்கள். லூப் என்பது ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையை வளையமாகத் தைத்தது, அவ்வளவுதான். அதன் அடிப்பக்கம் இரண்டு அடுக்குக்கும் நடுவே போகும். பிறகு சொல்யூஷன் தடவி ஒட்டுங்கள்.

[திரையில்: ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி]

இந்த வீடியோவை நான் எடுத்ததே இந்தத் தையலுக்காகத்தான். இதற்கு சேடில் ஸ்டிச் என்று பெயர், குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல். தையல் மிஷினில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று, இரண்டும் தோலுக்கு நடுவே கொக்கி போட்டுக்கொள்ளும். மேல் நூல் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர்ந்து பிரியத் தொடங்கும். சேடில் ஸ்டிச்சில் நூல் ஒன்றே. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கடந்து போகின்றன. ஒரு தையல் அறுந்தாலும் மறுபக்கமிருந்து வந்த நூல் அதே ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 1837ல் பாரிசில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய எர்மெஸ் (Hermès) நிறுவனம், இன்றும் தன் தோல் பைகளை இப்படிக் கையால்தான் தைக்கிறது. லட்சங்களில் விற்கும் பையில் இருக்கும் அதே தையலை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போடலாம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலும், கொஞ்சம் கூடுதலும் எடுங்கள். மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் போதும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். சாப்பிடும் ஃபோர்க்கைத் தோலில் அழுத்தினால் சம இடைவெளியில் புள்ளி விழும், அதன்மேல் குத்தூசியால் ஓட்டை போடுங்கள். எப்போதும் ஒரே பக்க ஊசி முதலில் போகட்டும், அப்போதுதான் தையல் ஒரே சாய்வில் வரும். ஒவ்வொரு தையலையும் இரண்டு கையாலும் சமமாக இழுங்கள். லூப் இருக்கும் இடத்தில் மட்டும் தையல் வேண்டாம். கடைசியில் மூன்று ஓட்டை திரும்பி வந்து நூலை வெட்டி, நுனியை லைட்டரால் லேசாக உருக்குங்கள்.

ஓரங்களில் ஈரத் துணி வைத்து, பிறகு வழவழப்பான மரக்கட்டையால் வேகமாகத் தேயுங்கள். பட்டையில் பதமான தோல் தானாகப் பளபளக்கும்.

உங்கள் பெல்ட் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். ஓட்டைகள் கிழிந்திருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. நிறைய பேர் கேட்டால் அடுத்த வீடியோ அதுதான்.