பிள்ளைகளுக்குக் கணக்கு படிவது கடைத்தெருவிலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கூட்டலும் கழித்தலும் கலந்து வரும் கணக்கு சின்னப் பிள்ளைகளுக்குப் படிவது பயிற்சித்தாளிலா, கடைத்தெருவிலா? கடைத்தெருவில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "கடைக்கு அனுப்பினால் பிள்ளைக்குக் கணக்கு வராது, கமிஷன் அடிக்கத்தான் வரும்." நீங்களும் கை தட்டினீர்கள். சரி, கமிஷனையே எடுத்துக்கொள்வோம்.

என் அண்ணன் மகன், இரண்டாம் வகுப்பு. அண்ணி 50 ரூபாய் கொடுத்து அனுப்பினார். தக்காளி 20, கொத்தமல்லி 10. மீதி 20. அதில் 5 ரூபாய்க்குக் கடலை மிட்டாய் உள்ளே போய்விட்டது. கையில் 15.

"மீதி எங்கடா?"

"தக்காளி 25-ம்மா."

பார்த்தீர்களா? கடையில் கழித்த ஐந்தை வீட்டுக்கு வந்து தக்காளியோடு கூட்டிவிட்டான்! 25-ம் 10-ம் 35, கையில் இருப்பது 15, ஆக 50. எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாது.

"காலையில நானே 20-க்குத்தானே வாங்கினேன்?"

"அது காலையிலம்மா. சாயங்காலம் ஏறிடுச்சு."

விலைவாசியும் தெரிந்திருக்கிறது! வாயோரம் ஒட்டியிருந்த வெல்லம்தான் காட்டிக்கொடுத்தது. அப்போதும் அசரவில்லை: "நாளைக்குக் கொடுக்கற பத்துல அஞ்சு கழிச்சுக்கோ."

அக்கா, இதே பையனிடம் உங்கள் தாளை நீட்டினேன். 50 − 20 − 10 − 5. எழுதினான், 85! முந்தைய பக்கம் முழுக்கக் கூட்டல். குறியைப் பார்க்காமல் அதே வேகத்தில் கூட்டிவிட்டான். 52-இல் 38 போக எவ்வளவு என்றால் 26 என்கிறான். 2-இல் 8 போகாதே, அதனால் 8-இல் 2-ஐக் கழித்துவிட்டான். கடைக்காரர் இப்படியா சில்லறை தருகிறார்? 38-க்கு மேல் இரண்டு வைத்து 40, அப்புறம் பத்து வைத்து 50, இன்னும் இரண்டு, 52. ஆக 14. கழித்தலைக் கூட்டியே முடித்துவிடுகிறார். தமிழ்நாட்டு அரசும் சும்மா இருக்கவில்லை. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான கற்பித்தல் திட்டத்தை ஆடலும் பாடலுமாகத்தானே கொண்டுவந்தார்கள்? தாளை மட்டும் கொடுத்துவிட்டு உட்காரவில்லையே!

நடுவர் அவர்களே, என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சந்தையில் கீரை விற்றுவிட்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைத் தரையில் கொட்டுவார். "வித்தது இது, வண்டிக் கூலி போச்சு, பழைய பாக்கி வந்துச்சு, என்னடா நிக்குது?" ஓடு வேய்ந்த திண்ணையில் உட்கார்ந்து நான் கூட்டிக் கழித்துச் சொல்வேன். நான் சொன்ன எண்ணைத்தான் வட்டிக்காரரிடம் போய்ச் சொல்வார். இன்னொருவரிடம் கொடுத்து எண்ணிப் பார்த்ததே இல்லை. எட்டு வயதுப் பையனை அப்படி நம்பினார், ஐயா!

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. தர்க்கத்தில் எங்கள் அணி தோற்றிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கீரைக்காரிக்காகவாவது எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்!