மாத்திரைச் சீட்டு ஜெயில் வாசலோடு நிற்கக் கூடாது

[காட்சி: மதுரை, புது ஜெயில் ரோடு. காலை நேரம். மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வந்தவர்களின் வரிசை.]

வணக்கம். இந்த வரிசையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மஞ்சப்பையோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் துணி, பிஸ்கட், அடியில் ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. நேற்று ராத்திரி ரிமாண்ட். அவன் கடைசியாக மாத்திரை போட்டது முந்தாநாள்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். சிலருக்கு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், உள்ளே போகும் முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்பப் பயப்பட வேண்டிய நாள்.

வெளியிலிருந்து வரும் மாத்திரையைக் காவலர்கள் அப்படியே உள்ளே விடமாட்டார்கள். போதைக்குப் பயன்படும் மாத்திரையும் அதே வழியில் போய்விடும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டாக்டர் சீட்டு கட்டாயம் உள்ளே போய்ச் சேர வேண்டும்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரே மாதிரி நான்கு வெள்ளை மாத்திரைகள்.]

இதைப் பாருங்கள். சுகர், பிரஷர், வலிப்பு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் வெள்ளை வட்ட மாத்திரை உண்டு. அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். அப்புறம் கம்பி வழியாகக் கையில் விழுவது என்ன மாத்திரை என்று யாருக்குத் தெரியும்? உள்ளே மாத்திரை கொடுப்பவர் ஆள் பெயரைக் கேட்டு, கவரில் எழுதி, விழுங்கியதைப் பார்த்துக் குறித்துவைக்க ஒரு நிமிஷம் போதும்.

இன்சுலின் இன்னும் சிக்கல். சிறையில் பொழுது சாயும்போதே லாக்கப், அதாவது கைதிகளை அறைக்குள் அடைத்துப் பூட்டிவிடுவார்கள். ஊசி போட்டபிறகு சாப்பாடு தாமதமானாலோ குறைந்தாலோ சுகர் இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். நடுராத்திரியில் அதைப் பார்க்கும் காவலருக்கு நடிப்பு மாதிரித் தெரியலாம். நினைவு இருக்கும்போதே கொஞ்சம் சர்க்கரை கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் ஆள் அவர். ராத்திரி டியூட்டி காவலர் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே, உள்ளே வரும் கைதியைக் கூடிய சீக்கிரம் பரிசோதித்து, உடல்நிலையையும் காயங்களையும் எழுதிவைக்கச் சொல்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கைதி கேட்டால் தாமதமில்லாமல் தகவல் போக வேண்டும் என்கிறது. 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் உள்ளேயும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கின்றன. டாக்டர் எடுத்த முடிவை மருத்துவம் படிக்காத அதிகாரி மாற்றக் கூடாது என்றும் இருக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். ஆற்றைத் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், எஸ்கார்ட் போலீஸ் வந்தால்தான் கைதி அங்கே போக முடியும். எஸ்கார்ட் இல்லை என்பதற்காக வைத்தியம் தள்ளிப்போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை. நடுவில் ஜாமீன் கிடைத்து வெளியே வந்ததும் விட்டுவிட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம். வெளியே வரும் அன்றே சிகிச்சைக் குறிப்பும் கையிருப்பு மாத்திரையும் கொடுத்து, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லி அனுப்ப வேண்டும்.

[காட்சி: மஞ்சப்பை. மேலே மடித்த சீட்டு.]

அந்த அம்மா இப்போது என்ன செய்யலாம்? மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாகப் போட்ட நாள் இவற்றை ஒரு தாளில் எழுதி, டாக்டர் சீட்டோடு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். ஒன்று சிறை மருத்துவருக்கு மனுவாக. இன்னொன்று வக்கீலுக்கு. காவலை நீட்டிக்க 15 நாளுக்குள் மறுபடி நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். வீடியோவில் என்றாலும் "எனக்கு மாத்திரை கிடைக்கவில்லை" என்று மகனே வாய்விட்டுச் சொல்லலாம். அதற்கு முன்பே அவசரமென்றால் வக்கீல் உடனே மனுப் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது.