தேனிக்குப் பெருமை மலையா, ஆறா? ஆற்றுப் பக்கம் ஒரு பேச்சு

நடுவர் அவர்களே, பெரியோர்களே, வணக்கம். மணியடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

தேனி மாவட்டத்துக்குப் பெருமை மலைதான் என்று பேசிய போடிக்கார அண்ணன், போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். ‘ஆறு மலை பெற்ற பிள்ளை. பிள்ளை அப்பனை எதிர்த்துப் பேசலாமா?’ நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, வைகைக்கு அது சரி. வருசநாட்டு மலையில் பிறந்து நம் பக்கமே வந்தது. பெரியாற்றையும் மலைதான் பெற்றது. பெற்று என்ன செய்தது? மேற்கே அரபிக்கடலுக்கு அனுப்பிவிட்டது! இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீருக்குத் தவிக்கிறது, அப்பன் குறுக்கே நிற்கிறார். பென்னிகுயிக் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் முல்லைப் பெரியாற்றில் அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, 1895-ல்தான் பிள்ளை வீடு வந்து சேர்ந்தது.

கூடலூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டுப் பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் பென்னிகுயிக் படம். அதே சந்தனப் பொட்டு, அதே கதம்பம். அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். சாமி கும்பிடப் போன மாப்பிள்ளையின் அம்மா, மீசை வைத்த வெள்ளைக்காரரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வந்து கணவர் காதில் ஏதோ சொன்னார். அவர் போய்ப் பார்த்தார். அப்புறம் மாமன் போனார். கேசரி ஆறுகிறது, பெண்ணைப் பார்க்க ஆளில்லை, வீடே படத்தைப் பார்க்கிறது! கடைசியில் மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘இவர் உங்களுக்கு எந்த வழியில் சொந்தம்?’ என்றார். பெரியப்பா அசையவில்லை. ‘வாய்க்கால் வழியில்’ என்றார். பின்வரிசைக்குக் கேட்டதா? வாய்க்கால் வழியில்! இருபோகம் விளைகிற வயல் என்று தெரிந்ததும் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

இதோ, மணி அடித்துவிட்டார். அண்ணன் மலைக்குப் பெருமையாகச் சொன்ன ஏலக்காய்க்கும் மேகமலைக்கும் பதில் வைத்திருந்தேன், போகட்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 15 அன்று பென்னிகுயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மறுபடியும் கல் சுமந்த கூலியாட்களுக்கு எந்த வீட்டிலும் படமில்லை. எத்தனையோ பேர் அந்தக் காட்டிலேயே காய்ச்சல் கண்டு செத்தார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் பாய்ந்ததை அவர்கள் பார்க்கவே இல்லை. மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட சோறு அவர்கள் கொண்டுவந்த தண்ணீரில் விளைந்தது, ஐயா. அதைச் சாப்பிட்டுவிட்டு மலைக்குத் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

நன்றி, வணக்கம்.