ரெண்டு வருஷம் பாத்ரூம்ல மட்டும்தான் தனியா இருக்கலாம்! மார்மன் மிஷனரி பசங்களோட ஒரு வாரம்

[திரையில: வெள்ளை சட்டை, டை, ஹெல்மெட், சட்டைப் பையில கருப்பு பேட்ஜ். சைக்கிள்ல ரெண்டு பசங்க.]

வணக்கம் மக்களே! இந்த ரெண்டு பேரையும் எங்கயாவது பாத்திருப்பீங்க, இங்கிலீஷ் படத்துலயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க. கதவத் தட்டி, சிரிச்சு, "ஒரு நிமிஷம் பேசலாமா"ன்னு கேப்பாங்க. நாமளும் சிரிச்சுக்கிட்டே கதவ சாத்திருவோம். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனோட கதைதான் இன்னைக்கு, மார்மன்னு ஒரு அமெரிக்க சபைக்காக வீடு வீடாப் போய் ஊழியம் பண்ற பையன். இமேஜின் டிராகன்ஸ் பாடகர் டான் ரெனால்ட்ஸ் இருக்காருல்ல, ஸ்டேடியம் ஸ்டேடியமா நிரப்புறவர், அவரும் ஒரு காலத்துல நெப்ராஸ்கால ரெண்டு வருஷம் இப்படி பேட்ஜ் குத்திட்டு சுத்துனவர்தான். கூடைப்பந்து ஆடின ஷான் பிராட்லி ஆஸ்திரேலியால சிட்னிக்குப் போனாரு, அவரு உயரம் ஏழரை அடி. கதவத் தொறந்தா வாசல்ல ஏழரை நிக்குது! நம்ம ஊரா இருந்தா திருநள்ளாறுக்கு டிக்கெட் போட்டிருப்போம்.

ஹிஸ்டரிய ஒரே மூச்சுல முடிச்சிடறேன், ஓட்டி விடாதீங்க. 1830ல நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித்னு ஒருத்தர் தேவதூதன் தங்கத் தகடுகள் இருக்கிற இடத்தக் காட்டினான்னு சொல்லி அதுல இருந்து மார்மன் புஸ்தகத்த வெளியிட்டு சபை ஆரம்பிக்கிறாரு, 1844ல ஒரு கும்பல் ஜெயிலுக்குள்ள பூந்து அவர சுட்டுக் கொன்னுடுது, 1847ல மிச்சம் இருந்தவங்க யூட்டாவுக்கு வந்து சால்ட் லேக் சிட்டிய கட்டுறாங்க, "நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவாங்களே அவங்கதான"ன்னு கமெண்ட்ல கேக்கப் போறவங்களுக்கு, அத 1890லயே விட்டுட்டோம்னு அறிவிச்சுட்டாங்க. கருப்பின ஆண்களுக்கு 1978 வரைக்கும் குருத்துவம் குடுக்கல, அது எனக்கு ஜீரணமாகாத விஷயம், அதுக்குத் தனி வீடியோவே போடணும். இன்னொன்னு, இப்ப அவங்கள மார்மன்னு கூப்பிடறது அவங்களுக்கே பிடிக்கிறதில்ல, 2018ல இருந்து "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை"ன்னு முழுசா சொல்லுங்கங்கிறாங்க. தம்ப்நெயில்ல அவ்வளவு எழுத்து பிடிக்காது, மன்னிச்சிருங்க. மொத்தம் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல ஆளுங்க, அதுல ஊழியத்துல இருக்கிற பசங்க பொண்ணுங்க மட்டும் 70,000க்கு மேல.

சரி, மேட்டருக்கு வருவோம். யூட்டால ஒரு பையன், 18 வயசு. விண்ணப்பம் போடறான். எந்த நாடுன்னு அவன் கேக்க முடியாது, சபைதான் முடிவு பண்ணும். பதில் வர்ற அன்னைக்கு சொந்தக்காரங்க எல்லாம் ஹால்ல கூடி உக்காந்து, நம்ம வீட்டுல பிளஸ் டூ ரிசல்ட் பாக்கிற மாதிரி, அவன் சத்தமா படிக்கிறான், "தைவான், தைசுங்"னு வருது. சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பசங்கன்னா மாசம் 500 டாலர் இவங்கதான் கட்டணும், 24 மாசத்துக்கு 12,000 டாலர். நிறைய பசங்க பர்கர் கடையில வேல பாத்து சேத்து வெச்சிருப்பாங்க. பொண்ணுங்களுக்கு 18 மாசம். புது மொழின்னா புரோவோ ஊர்ல இருக்கிற பயிற்சி மையத்துல ஆறு முதல் ஒன்பது வாரம், அப்புறம் பிளைட். அதுக்கப்புறம் அவனுக்குப் பேர் கிடையாது. "எல்டர்" போட்டு குடும்பப் பேர் மட்டும். எல்டர்னா மூப்பர். மீசையே ஒழுங்கா மொளைக்காத மூப்பர்!

இப்பதான் எனக்குப் பிடிச்ச பார்ட், கொஞ்சம் இழுப்பேன். இவனுக்கு ஒரு ஜோடி குடுப்பாங்க, கம்பானியன்னு பேரு. யாருன்னு அந்தப் பகுதி ஊழியத்தப் பாத்துக்கிற மிஷன் தலைவர்தான் முடிவு பண்ணுவாரு, ஜாதகம் கூட பாக்க மாட்டாங்க. ரூல் என்னன்னா, எப்பவும் ஒருத்தர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற தூரத்துல இன்னொருத்தர் இருக்கணும். சேந்து எந்திரிக்கணும், சேந்து சாப்பிடணும், ஒரே ரூம்ல ஆளுக்கொரு கட்டில். பாத்ரூம், அப்புறம் தலைவர்கூட நடக்கிற நேர்காணல், இதுக்குத்தான் விலக்கு. அவன் குறட்டை விட்டா நீ கேட்டுத்தான் ஆகணும். அவனுக்குக் காய்ச்சல்னா நீயும் வீட்டுலதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் லிஸ்ட் வரும், அதுல பிரிச்சா உண்டு, இல்லன்னா அடுத்த ஆறு வாரமும் அதே மூஞ்சிதான். என் ஹாஸ்டல் ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணிக்கு மிக்சர் திங்கிற சத்தத்துக்கே நான் வார்டன்கிட்ட போய் நின்னவன், என்னால ரெண்டு நாள் தாங்காது.

இதுல ஹைலைட் என்னன்னா, வாரத்துக்கு ஒருமுறை பிளான் போட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து, உன்கிட்ட எனக்குப் பிடிச்சது இது, எனக்குக் கஷ்டமா இருக்கிறது இதுன்னு சொல்லணும், கடைசியில ஜெபம் பண்ணி முடிக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள் நடக்குதுல்ல, அதையே ரெண்டு பேருக்கு மட்டும் நடத்துறாங்க. சிரிச்சிட்டேன்தான், ஆனா யோசிச்சா கல்யாணம் ஆனவங்க எத்தன பேர் இத செய்றோம்? கமெண்ட்ல சொல்லுங்க, வீட்டுக்காரம்மா ஐடில இருந்து சொன்னா இன்னும் நல்லது.

அவங்களுக்குள்ள ஓடுற உறவுமுறைய கேளுங்க. புதுசா வந்தவன் "கிரீனி". அவன பழக்கிவிடற மொத ஜோடி அவனுக்கு "அப்பா", அந்த அப்பாவுக்கு வயசு 19. அப்பாவ பழக்கினவன் "தாத்தா", அவருக்கு 20 இருந்தாலே அதிகம்! காலம் முடிஞ்சு ஊருக்குப் போனா "செத்துட்டான்". கடைசி ஜோடியா கூட இருந்தவன் அவன "கொன்னவன்". வீட்டு நெனப்பாவே இருக்கிறவன் "டிரங்கி", டிரங்குப் பொட்டி இருக்குல்ல, அதுல இருந்து வந்தது, மனசுக்குள்ள பொட்டி கட்டிட்டான்னு அர்த்தம்.

நாள் கணக்கு சிம்பிள். காலைல 6:30க்கு எந்திரி, உடற்பயிற்சி, வேதம் படி, ஜோடியா படி, மொழி படி, வெளிய போ, ராத்திரி 10:30க்கு லைட்ட ஆஃப் பண்ணு. டிவி, சினிமா, காதல் எதுவும் கிடையாது. ஊர்ல விட்டுட்டு வந்த காதலி "நாம பிரிஞ்சிடலாம்"னு எழுதுற லெட்டருக்கு "டியர் ஜான்"னு தனிப் பேரே இருக்கு. நீச்சலுக்கும் தடை. மது, டீ, காபிக்கும் தடை, ஆனா கோக் குடிக்கலாம். பில்டர் காபிய தள்ளி வெச்சுட்டு கோக்க உள்ள விட்ட லாஜிக் எனக்குச் சத்தியமா புரியல. 2012ல அமெரிக்க அதிபர் தேர்தல்ல நின்ன மிட் ராம்னி அறுபதுகள்ல பிரான்ஸ்ல ஊழியம் பண்ணினவர், ஒயினுக்குப் பேர் போன போர்டோவுலயும் இருந்திருக்காரு. அங்க போய் குடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு தில் வேணும்.

நம்பிக்கை விஷயம் என்னன்னா, இவங்க வாதாடி ஜெயிக்கிற ஆளுங்க இல்ல. "இந்தப் புஸ்தகத்த படிங்க, உண்மையான்னு நீங்களே கடவுள்கிட்ட கேளுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க. மாசத்துல மொத ஞாயிறு உபவாசம், அன்னைக்கு சபையில யார் வேணும்னாலும் எந்திரிச்சு சாட்சி சொல்லலாம். இவனும் அரைகுறை சீனத்துல எந்திரிச்சு நிப்பான். நாள் பூரா யாருமே கேக்காத விஷயத்த ராத்திரி அவனே அவனுக்குச் சொல்லிக்கணும். ஊழியத்துல மொதல்ல மனம் மாறுறது நீதான்னு அவங்களுக்குள்ளயே ஒரு பேச்சு உண்டு. சிலருக்கு நேர் எதிரா சந்தேகம் மொளைக்கும், பாதியில திரும்பி வருவாங்க, ஊர்ல "ஏன்பா சீக்கிரம் வந்துட்ட"ன்னு பாக்கிற பார்வை இருக்கே, அது கொடுமை. 18 வயசுப் பையன் மேல இவ்வளவு பாரம் ஏத்துறது சரின்னு எனக்குத் தோணல.

நம்ம பக்கம் ஒரு கனெக்ஷன் சொல்லிட்டுப் போறேன். 1853லயே ரிச்சர்ட் பாலன்டைன்னு ஒரு எல்டர் ரெண்டு பேரோட மெட்ராஸுக்கு வந்து இறங்கியிருக்காரு. ஏறக்குறைய ஒரு வருஷம் சுத்தினாரு, பெருசா யாரும் சேரல, கிளம்பிட்டாரு. அந்த வெயிலுக்கு அந்த கோட்டு வேற!

[திரையில: பால்கனி கொடியில வரிசையா வெள்ளை சட்டை]

திங்கக்கிழமை "பி-டே", அதாவது பிரிப்பரேஷன் டே. துணி துவைக்கிற நாள், முடி வெட்டுற நாள், கடைக்குப் போற நாள். காலரு மஞ்சளாயிருச்சு, ஷூ அடிப்பாகம் தேஞ்சு ஓட்டை விழப் போகுது. காலைல பத்து மணிக்கு வீட்டுக்கு வீடியோ கால் போடறான். யூட்டால அப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு, அம்மா போன கைலயே வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க. இந்த வாராந்திர காலே 2019 பிப்ரவரில இருந்துதான். அதுக்கு முன்னாடி ஈமெயில் மட்டும்தான், குரல் கேக்கணும்னா கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கே ரெண்டு கால். அவன் பேசறப்பவும் ஸ்கிரீன் ஓரத்துல பாருங்க, பின்னாடி ஜோடி உக்காந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டு இருப்பான்.

ரெண்டு வருஷம் முடிஞ்சு ஏர்போர்ட்ல பேனர், பலூன், அழுகை. அப்புறம் உள்ளூர் சபைத் தலைவர் அவன ஊழியத்துல இருந்து விடுவிப்பாரு, அங்கயே அந்த கருப்பு பேட்ஜ கழட்டணும். அதுவரைக்கும் தாங்கிட்டு வந்தவங்ககூட நிறைய பேரு அந்த எடத்துல உடைஞ்சிடுவாங்களாம். மறுநாள் அம்மா பால் வாங்கிட்டு வரச் சொல்றாங்க, கார எடுத்துட்டு தனியா கடைக்குப் போறான், கதவத் தொறந்து பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான், பின்னாடி ஒருத்தன் வருவான்னு.