நின்றவர்களும் நிற்காதவர்களும்

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறை வாசகசாலை முற்றத்தில் இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். 'சமூக வரலாற்றை உள்ளபடி சொல்வது ஓவியமா, புகைப்படமா?' என்பது தலைப்பு. ஓவியமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். கேமரா பொய் சொல்லாது என்றார். சரி, சொல்லாது. ஆனால் தன் முன்னால் வந்து நின்றவர்களைப் பற்றி மட்டும்தான் அது பேசும். நிற்காதவர்கள்?

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய்ப் படம் எடுத்தார். அபாரமான படங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மண்டபங்களில் பெரும்பாலும் ஆளே இல்லை. மதுரையில் ஆள் இல்லாமல் இருக்குமா நடுவர் அவர்களே? அந்தக் காலத்து நெகட்டிவில் உருவம் பதிய, லென்ஸை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். தூண் அசையாது, பதிந்துவிட்டது. கூடை சுமந்து நடந்து போனவள் பதியவில்லை. வேலை செய்கிறவர்கள் அசைந்துகொண்டேதானே இருப்பார்கள்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே டிரைப், 1855-ல் பர்மாவில் எடுத்த படங்களில் வானம் வெறுமையாக இருக்கிறதே என்று நெகட்டிவின் மேலேயே மேகம் தீட்டினார். பொய் சொல்லாத கேமராவுக்கு மேகம் கொடுத்தது யார்? எங்கள் அணியின் தூரிகை.

அடுத்து, தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. மதராஸ் மாகாணமே சுருண்டது. பாலக்காடு அப்போது மலபார் ஜில்லாவின் பகுதியாக அந்த மாகாணத்தில்தான் இருந்தது. (நம் கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜ்ஜியம் என்று முன்வரிசைப் பெரியவர் முணுமுணுப்பது கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.) அந்தப் பஞ்சத்தை ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்கள். இன்றைக்குப் பார்த்தாலும் சோறு இறங்காது. ஆனால் அவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, ஒழுங்கு பண்ணி எடுத்த படங்கள் அவை. அவர்கள் யார், என்ன பேர், எந்த ஊர்? படத்தைக் கேட்டால் பதில் வராது.

1943 வங்காளப் பஞ்சத்துக்கு வாருங்கள். சித்தபிரசாத் என்ற ஓவியர் மேதினிப்பூர் ஜில்லாவில் ஊர் ஊராக நடந்தார். கையில் பேனாவும் மையும்தான். பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து வரைந்தார். வரைந்த ஆளின் பேர், ஊர், வீட்டில் யார் செத்தார்கள் என்பதையும் எழுதினார். அது சிறு புத்தகமாக வந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கம் 5000 பிரதிகளைப் பிடுங்கி எரித்தது. வெறும் கோடுகளைக் கண்டு எதற்கு அவ்வளவு பயம்? அதே பஞ்சத்தை சுனில் ஜானா கேமராவில் எடுத்தார், அவரும் பெரிய கலைஞர்தான். எதிரணியில் மூன்று பேர் பேசியும் அவர் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. போகட்டும், நானே எடுத்துக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ரவிவர்மாவே போட்டோவைப் பார்த்து வரைந்தவர்தானே என்று எதிரணி அம்மா மடக்கினார். உண்மைதான். ஆனால் போட்டோவே போதும் என்றால், அதையே சட்டம் போட்டு மாட்டியிருப்பாரே, எதற்கு உட்கார்ந்து வரைந்தார்? அவருடைய 'அதோ அப்பா வருகிறார்' ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். 1893-ல் வரைந்தது. அவருடைய மகள், இடுப்பில் குழந்தையோடு வாசல் பக்கம் பார்த்து நிற்கிறார். இவ்வளவுதானே என்று தோன்றும். மருமக்கத்தாயம் இருந்த நாடு நடுவர் அவர்களே! பிள்ளைகள் தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், அப்பா வந்து போகிறவர். அந்த நாட்டில் ஒரு தாய், அப்பா வருகிறார் என்று பிள்ளைக்குக் காட்டுகிறாள். இப்படிப்பட்ட உறவைப் பதிவு செய்து சட்டப்படி திருமணமாக்க வழி செய்த மலபார் திருமணச் சட்டம் வந்தது 1896-ல். சட்டத்துக்கு மூன்று வருஷம் முன்னாலேயே குடும்பம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஓவியர் காட்டிவிட்டார். அப்பா படத்தில் இல்லவே இல்லை, ஆனால் படம் முழுக்க அவர்தான்.

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. தாத்தா பாலக்காட்டில் எடுத்த ஸ்டுடியோ படம் ஒன்று இருக்கிறது. இரவல் கோட்டு, பின்னால் அரண்மனைப் படிக்கட்டு. படிக்கட்டு திரைச்சீலையில் வரைந்தது. ஆக அதிலும் பாதி ஓவியம்தான். அவர் காட்டில் முப்பது வருஷம் நிலக்கடலை பறித்த ஆத்தா ஒருத்தி இருந்தாள். அவளை யாரும் எந்தப் படத்துக்கும் கூப்பிடவில்லை. அவள் செத்த பிறகு, மாலை போட ஒரு படம் இல்லை. மகன் சைன்போர்டு எழுதுகிறவரிடம் போய் நின்றான். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. கூடக் கடலை பறித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். வலது என்றாள் ஒருத்தி, இல்லை இடது என்றாள் இன்னொருத்தி. சண்டையே வந்தது. முன்னங்கையில் தேள் பச்சை குத்தியிருந்தாளே, அதை விட்டுவிடாதே என்று ஒரு கிழவி சொன்னாள். அவளைப் பெற்ற பிள்ளைக்கே அந்தத் தேள் ஞாபகம் இல்லை.

இன்றைக்கும் அந்த வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது நடுவர் அவர்களே. முகம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். தேள் அப்படியே இருக்கிறது.