பாராட்டுவதற்கு முன் பாருங்கள்

(குன்னூரை அடுத்த ஓர் ஊரில் நடைபெற்ற நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமின் தொடக்க விழாவில், மேல்நிலை மாணவர்களிடையே ஆற்றிய உரை)

தலைமை ஆசிரியர் அவர்களே, திட்ட அலுவலர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969-இல், தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் முகாம்களில் கோயில் வளாகத்தைக் கூட்டுவதும் மரக்கன்று நடுவதும் வழக்கம்தான். உங்கள் நிகழ்ச்சி நிரலில் புதிதாக இருப்பது, ஊருக்கு உழைப்பவர்களைப் பாராட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டுள்ள நாள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். உழைப்பவர் நால்வரை வரிசையாக நிற்க வைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவது எளிது. (எனக்கும் சற்றுமுன் ஒன்று போர்த்தினீர்கள், இந்தக் குளிருக்கு அது உதவியாகவே இருக்கிறது.) ஆனால் எதற்காகப் பாராட்டப்பட்டோம் என்பது அந்த நால்வருக்கும் தெரியாது, பாராட்டிய உங்களுக்கும் தெரியாது.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தப் பாதையில், கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் வண்டி ஏறுகிறது. சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் அது. ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பதால் ஓட்டுநருக்கு முன்னே இருக்கும் பாதை தெரியாது. பாறை விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்துக் கொடியசைத்துச் சொல்பவர், முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன். மழையானாலும் பனியானாலும் அவர் நிற்கும் இடம் அதுதான். பயணிகளோ அவருக்குப் பின்னாலிருந்து பள்ளத்தாக்கைப் படம் எடுக்கிறார்கள். 'நீங்கள் பார்த்துச் சொல்வதால்தான் எங்கள் வண்டி ஏறுகிறது என்று இன்று தெரிந்துகொண்டோம்' என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அது அவர் வேலையைப் புரிந்துகொண்ட பாராட்டு.

வெளியே போய்த் தேடவும் வேண்டியதில்லை. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அட்டைக்கடியையும் சாரலையும் பொறுத்துக்கொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி அதைச் சேர்த்தவர் உங்கள் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். அவரிடம் உட்கார்ந்து, முதல் நாள் எந்தத் தோட்டத்தில் பறித்தீர்கள், எடை போடும்போது எவ்வளவு கழித்தார்கள் என்று கேளுங்கள். நம் வீடுகளில் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்டால் ஒரு மாலைப் பொழுது போதாது.

தூய்மைப் பணியாளருக்கு மட்டும் வாழ்த்து அட்டை வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. சுற்றுலாப் பயணிகள் உடைத்துப் போடும் பாட்டில் துண்டுகளை அவர்கள் கையால்தான் பொறுக்குகிறார்கள். முகாம் நடக்கும் நாள்களில் உங்கள் சமையலறைக் கழிவைத் தரம் பிரித்து, கண்ணாடியைத் தனிச் சாக்கில் கட்டி, சாக்கின் மேல் 'கண்ணாடி' என்று எழுதி வையுங்கள். பெயர் கேட்டு, பெயரோடு 'அண்ணா', 'அக்கா' என்று அழையுங்கள்.

பிரேக்ஸ்மேன்களுக்கான கடிதங்களை முகாம் முடிவதற்குள் திட்ட அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். குன்னூர் நிலையத்தில் அவற்றை நேரில் சேர்க்க இருவர் போதும், எல்லோரும் போக வேண்டாம், அவர்களுக்கு வேலை இருக்கும்.