மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று ஜூலை 18, தமிழ்நாடு நாள். 1967-ல் இதே தேதியில்தான் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களைச் சில ஊர்களுக்கு அழைத்துப் போக ஆசை. வரலாறு என்றாலே தலைநகரத்தையும் கோட்டையையும் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. கோட்டையில் ஒன்று முடிவாவதற்கு வெகு முன்பே, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் அதற்காகப் பிடிவாதமாக நின்றிருப்பார். அந்த மனிதர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

உத்திரமேரூரை உங்களுக்குத் தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன; 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பாடத்தில் ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 30 குடும்புகள், அதாவது முப்பது வட்டாரங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை மறைத்துவைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. இதையும் சொல்லியாக வேண்டும்: அது பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் அங்கே இடம். உழுதவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த ஐந்து விரல் விதியை எழுதிய கையை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

சரி, அங்கிருந்து ஆயிரம் ஆண்டு தாண்டி வருவோம். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். அவர் தொண்டர்கள் மேல் கை வைக்கவில்லை. ஊர் மக்களை மிரட்டினார். இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று உத்தரவு போட்டார். நடக்கிறவர்களைப் பட்டினி போட்டால் தானாகத் திரும்பிவிடுவார்கள் என்று அவர் போட்ட கணக்கு அது.

தஞ்சாவூர்ச் சீமையில் போய், வழியில் வருகிறவனுக்குச் சோறு போடாதே என்று சொன்னால் நடக்குமா? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் எல்லோரையும் தன் இடத்தில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். மற்ற ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? மரத்தையா? அந்தப் பொட்டலத்தை விடியலில் எழுந்து கட்டிய கைகள் யாருடையவை என்று எந்த ஆவணத்திலும் இல்லை. பெரும்பாலும் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். உலை வைத்தவர்கள் அவர்கள்தானே.

வேதாரண்யத்தில் இன்னொருவர் இருந்தார். வைரப்பன். முடி திருத்தும் தொழிலாளி. உப்புச் சத்தியாகிரகத்தை அடக்க வந்த போலீஸ்காரர் எவருக்கும் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்தவர். ஒருநாள் சாதாரண உடையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதிச் சவரம் ஆனபோதுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. வைரப்பன் கத்தியை எடுத்துவிட்டார். மீதியைச் செய்யச் சொல்லி மிரட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். அவர் மசியவில்லை, சிறைக்குப் போனார். அன்றாடம் கத்தி பிடித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்த ஒருவர், அந்தக் கத்தியைக் கீழே வைத்தார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் இராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது எல்லோருக்கும் தெரியும். வைரப்பனுக்கும் வேதாரண்யத்தில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பிள்ளைகளே, அந்தப் பக்கம் போனால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தெற்கே இன்னும் கீழே இறங்கினால் குமரி. தமிழ் பேசும் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் 1956 நவம்பர் 1 அன்று நம்மோடு சேர்ந்தன. நாம் வரைபடத்தில் போகிற போக்கில் இழுக்கிற அந்தத் தென்கோடிக் கோட்டுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

அப்புறம் விருதுநகர். சங்கரலிங்கனார் அறுபது வயதைக் கடந்த காந்தியவாதி. 1956 ஜூலை 27 அன்று பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்து உண்ணாவிரதம் தொடங்கினார். நாடெங்கும் மதுவிலக்கு வேண்டும், ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு வேண்டும் என்றெல்லாம் கேட்டார். அவற்றோடு, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்றும் கேட்டார். ஆட்சியில் இருந்தது அவர் உழைத்த காங்கிரஸ்தான். முதலமைச்சர் காமராஜரும் அதே ஊர்க்காரர்தான். பல கட்சித் தலைவர்கள் போய்ப் பார்த்தார்கள், அண்ணாவும் போனார். உயிரை விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடினார்கள். அவர் கேட்கவில்லை. இரண்டரை மாதம் கடந்து, அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பத்தொன்பது நாள் கழித்து மொழிவழி மாநிலம் பிறந்தது. பெயர் மட்டும் பழைய பெயராகவே இருந்தது.

பிறகு மாநிலங்களவையில் இதற்காக மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக்காரரான பூபேஷ் குப்தா. அது தோற்றுப்போனது. 1967-ல் அண்ணா முதலமைச்சரானார். ஜூலை 18 அன்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதும் அவர் எழுந்து தமிழ்நாடு என்று மூன்று முறை சொன்னார். அவையில் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் வாழ்க என்று முழங்கினார்கள். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அப்போது அண்ணா உடல் நலிந்திருந்தார். பிப்ரவரி 3 அன்று மறைந்தார். பெயரைக் கேட்டவர் அதைப் பார்க்கவே இல்லை. பெற்றுத் தந்தவர் அந்தப் பெயருள்ள நாட்டில் இருபது நாள்தான் வாழ்ந்தார்.